பேசும் ரெக்கார்டர் வாங்குமுன்: பார்வையற்ற நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சி, ஆனைமலை பக்கமும் இருக்கிற பார்வையற்ற நண்பர்கள் ஒலிப்பதிவுக் கருவி வாங்க நினைத்தால் எனக்குப் போன் போடுகிறார்கள். நானும் பார்வையற்றவள்தான். பாடம் எடுக்கவும் நாட்டார் பாட்டுச் சேகரிக்கவும் நெடுங்காலமாக ரெக்கார்டரோடு புழங்கி வருகிறேன். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை எண் சொல்லிக் குறிப்பிடும்.

1. ஏனுங்க்கா, கையில போன் இருக்குது. அதுலயே பதிஞ்சுக்கலாமே, தனியா ஒரு மிஷின் எதுக்குங்க?

வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அரை மணி நேரம், கேட்டால் புரிகிற அளவுக்கு இருந்தால் போதும் என்பவருக்குப் போனே போதும். காசைச் செலவழிக்காதீர்கள். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் செயலியைத் திறந்து, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் ஓடும்போது இரண்டு விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் பதிவு தொடங்கும், மறுபடி அதேபோல் தட்டினால் நிற்கும். ஆண்ட்ராய்டில் செயலிகள் ஏராளம். எந்தப் பட்டனைத் தொட்டாலும் அதன் பெயரை, அங்கே வாய்ஸ்ஓவர் வேலையைச் செய்யும் டாக்பேக் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறுமனே 'பட்டன், பட்டன்' என்று சொல்கிற செயலியை அழித்துவிடுங்கள்.

தினமும் மணிக்கணக்கில் வகுப்பைப் பதிகிறவருக்கும், பாட்டு, மேளம், பேட்டி என்று ஒலியின் தரம் பார்க்கிறவருக்கும் போன் போதாது. நடுவில் அழைப்பு வரும். சார்ஜ் இறங்கும். நமக்கு வழி சொல்வதும், பணம் அனுப்புவதும், ரூபாய் நோட்டைப் படித்துச் சொல்வதும் அதே போன்தான். மத்தியானத்துக்குள் அது அணைந்துவிட்டால் வீடு திரும்பும் வழியில் நமக்குத்தான் திண்டாட்டம். இன்னொன்றும் உண்டு: வழுவழுப்பான கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, உள்ளே பதிவு ஓடுகிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. தனிக் கருவி வாங்குவதே இதற்காகத்தான் என்பது என் கருத்து. 3ஆம் கேள்வியில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறேன்.

2. போன்ல பதிஞ்சா டாக்பேக் பேசறதும் கூடவே பதிவாயிருதுங்களே?

கம்பி உள்ள இயர்போனை ஒரு காதில் மாட்டிக்கொள்ளுங்கள். பேச்சு காதுக்குள் போய்விடும், மைக்குக்குக் கேட்காது. பதிவைத் தொடங்குவதற்கு முன்பே விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டால் அழைப்பு, வாட்ஸாப் மணி எதுவும் குறுக்கே வராது. திரையை அணைத்த பிறகும் பதிவு தொடர்கிறதா என்று வீட்டிலேயே ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள். சில போன்கள் சார்ஜை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும்.

3. கடைக்காரர் 'இது ரொம்ப ஈஸி, ஒரே பட்டன்தான்'னு சொல்றாரு. நம்பி வாங்கலாமா?

அவர் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்கிறார். கருவியைக் கையில் வாங்கி நீங்களே பதிந்து, நிறுத்தி, பதிந்ததைக் கேட்டு, அழித்துப் பாருங்கள். கூட வந்தவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். உதவி செய்கிற ஆசையில் அவர் உங்கள் விரலை எடுத்துப் பட்டன்மேல் வைத்துவிடுவார், சோதனை வீணாகிவிடும்.

முதலில் சோதிக்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது பதிவாகிறதா இல்லையா என்பதைக் கண் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடிகிறதா? மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகு. சில கருவிகளில் பதிவுப் பட்டனை ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்காது. தயார் நிலையில் நின்றுகொண்டு ஒரு சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் ஓடும். டாஸ்காம் டிஆர்-05 அப்படிப்பட்டது. பார்க்கிறவர்களுக்கு அது வசதி. நமக்கோ ஒரு மணி நேர வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போன பிறகுதான் ஒன்றுமே இல்லை என்று தெரியவரும். அதனால் 'ஒரு அழுத்தா, இரண்டு அழுத்தா?' என்று கட்டாயம் கேளுங்கள்.

உறுதிப்படுத்த வழிகள் உண்டு. தள்ளினால் பதிவு, இழுத்தால் நிறுத்தம் என்கிற தள்ளுவிசையாக இருந்தால் விரலே சொல்லிவிடும். தொடக்கத்துக்கு ஒரு பீப், நிறுத்தத்துக்கு வேறு மாதிரி பீப் என்று வைத்திருக்கும் கருவியும் நல்லதே. ஹெட்போன் மாட்டிக் கேட்கும்போது கவனம் வேண்டும். பல கருவிகளில் தயார் நிலையிலும் மைக் சத்தம் ஹெட்போனில் வரும், அதைக் கேட்டுப் பதிவாகிறது என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாவற்றிலும் மேலானது கருவியே வாய்விட்டுச் சொல்வது.

4. பேசற ரெக்கார்டர்னா என்னதான் பேசும்?

மெனுவில் மேலும் கீழும் நகரும்போது எந்த இடத்தில் இருக்கிறோம், எந்த அமைப்பைத் தேர்ந்திருக்கிறோம் என்று சொல்லும். நல்லதாக இருந்தால் கோப்பின் பெயர், தேதி, செல்லில் (பேட்டரியில்) எவ்வளவு மிச்சம், இன்னும் எத்தனை மணி நேரம் பதியலாம் என்பதையும் சொல்லும். அழிக்கும்போது 'அழிக்கட்டுமா, வேண்டாமா' என்கிற இடத்திலும் பேச வேண்டும். அங்கே ஊமையாகிவிடும் கருவி ஆபத்தானது.

கடையில் 'வாய்ஸ் ரெக்கார்டர்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பேசும் என்று எண்ணிவிடாதீர்கள். அது குரலைப் பதியும் கருவி, அவ்வளவுதான். சோனி பிஎக்ஸ்-470 நல்ல கருவி, ஆனால் அதன் மெனு பேசாது.

5. தமிழ்ல பேசுமாங்க? மலையாளமாவது?

என் கைக்கு வந்த தனி ரெக்கார்டர் எதிலும் தமிழோ மலையாளமோ இல்லை. ஆங்கிலம்தான். ஆனால் இதற்காகத் தயங்க வேண்டாம். மெனுவில் அன்றாடம் வருவது இருபது இருபத்தைந்து சொற்கள்: ரெக்கார்ட், ஸ்டாப், ஃபோல்டர், டெலீட், பேட்டரி லோ, கார்டு ஃபுல், அந்த மாதிரி. ஒரு வாரத்தில் காது பழகிவிடும். தெரிந்தவர் ஒருவரைத் தமிழில் அர்த்தம் சொல்லச் சொல்லி அதையே முதல் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழுக்கத் தமிழிலேயே வேண்டும் என்பவர்கள் போனுக்குத்தான் திரும்ப வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுளின் குரல்களில் தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் இருக்கின்றன. ஐபோனில் 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் வாய்ஸ்ஓவருக்குத் தமிழ்க் குரல் உண்டு.

6. சுத்தி வளைக்காம பேர் சொல்லுங்க. எதை வாங்கறது?

இன்றைக்குப் புதிதாக வாங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது ஜப்பானின் ஜூம் நிறுவனம் 2024இல் கொண்டுவந்த எசென்ஷியல் வரிசை. எச்1 எசென்ஷியல், எச்4 எசென்ஷியல், எச்6 எசென்ஷியல் என்று மூன்று அப்போது வந்தன. மூன்றும் பேசும். பேச்சு வசதியைத் தொடக்கத்திலிருந்தே உள்ளே வைத்துச் செய்தவை. முதல் தடவை ஆன் செய்யும்போதே மொழி, பேச்சின் அளவு, தேதி, செல் வகை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பெட்டியைப் பிரித்து நாமே தயார் செய்துகொள்ளலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

வகுப்பு, பேட்டி, வீட்டுப் பாட்டு இவற்றுக்கு எச்1 எசென்ஷியல் போதும். சட்டைப் பையில் அடங்கும். ரிமோட்டில் போடுகிற மெல்லிய செல் இரண்டு போட்டால் ஓடும், மைக்ரோ எஸ்டி கார்டில் பதியும். மேடை மைக்கிலிருந்தோ கோவில் மைக்செட்டிலிருந்தோ நேரடியாக வயர் இழுத்துப் பதிகிறவர் எச்4க்குப் போகலாம். அதில் பெரிய மைக் வயர் செருக இரண்டு இடம் உண்டு. எச்6 குழுவாகப் பாடுகிறவர்களுக்கும் நாடகம் போடுகிறவர்களுக்கும் ஆனது. மாணவருக்கு அது சுமை.

எச்1 அமெரிக்காவில் 100 டாலர் விலைக்கு வெளியானது. இங்கே வரியும் கடைக்காரர் லாபமும் ஏறும். கார்டு, சார்ஜ் ஏற்றும் செல், காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் உறை ஆகியவற்றின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.

7. அதுல '32 பிட் ஃப்ளோட்'னு ஒண்ணு சொல்றாங்களே, அது ஸ்டுடியோக்காரங்களுக்குத்தானே? நமக்கெதுக்கு?

நமக்குத்தான் அது மிகவும் வேண்டும். சாதாரண ரெக்கார்டரில் பதிவைத் தொடங்குமுன் ஒலியின் அளவைத் திருகி வைக்க வேண்டும். கூடுதலாக வைத்தால் சத்தம் முகட்டில் இடித்துக் கரகரத்துவிடும், அப்படிக் கெட்டதை எந்த வித்தையாலும் சரிசெய்ய முடியாது. குறைவாக வைத்தால் பேச்சு அமுங்கும், உயர்த்தினால் கூடவே இரைச்சலும் ஏறும். சரியாக வைக்கப் பார்வையுள்ளவர்கள் திரையில் ஏறி இறங்கும் கோட்டைப் பார்க்கிறார்கள். அந்தக் கோடு நமக்கு இல்லை. பேசும் கருவி கூட அந்தக் கோட்டை நொடிக்கு நொடி வாய்விட்டுச் சொல்ல முடியாது.

32 பிட் ஃப்ளோட் முறையில் அந்த அளவை வைக்கிற வேலையே கிடையாது. கிசுகிசுப்பும் அதிர்வேட்டும் ஒரே கோப்பில் உள்ளபடி விழும். பிறகு கம்ப்யூட்டரில் வேண்டிய அளவுக்கு ஏற்றவோ இறக்கவோ செய்யலாம், கரகரப்பு வராது. பார்வை வேண்டிய வேலை ஒன்று அடியோடு இல்லாமல் போகிறது. பேச்சு வசதிக்கு இணையாக இதை நான் மதிக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை: மைக்குக்கு என்று தனி வரம்பு உண்டு. சத்தம் அதையே தாண்டினால் ஃப்ளோட்டும் காப்பாற்றாது. செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை நீட்டாதீர்கள்.

8. எத்தனை ஜிபி கார்டு வாங்கணும்?

ஃப்ளோட் கோப்பு பெரிது. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.4 ஜிபி பிடிக்கும். 32 ஜிபி கார்டில் 22 மணி நேரம் போல வரும். சாதாரண 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்காத ஒலிக்கோப்பு) என்றால் மணிக்கு 635 எம்பி. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் மணிக்கு 60 எம்பிக்குள் முடிந்துவிடும்.

மாணவர்களுக்கு 64 ஜிபி வசதி. சந்தையில் 1 டிபி என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு விற்கிற கார்டுகளைத் தொடாதீர்கள். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், நிறைந்த பிறகு பதிவதெல்லாம் காற்றோடு போகும். வாங்கிய கார்டை எச்2டெஸ்ட்டபிள்யூ என்கிற இலவச மென்பொருளால் முழுக்க எழுதி, படித்துச் சோதிக்கலாம்.

9. வேவா, எம்பி3யா?

வகுப்புக்கு எம்பி3 தாராளம். பாட்டு, மேளம், பின்னால் வெட்டி ஒட்டப் போகிற எதுவும் வேவ். எச்1 எசென்ஷியல் ஃப்ளோட் வேவாக மட்டுமே பதியும், எம்பி3 தராது. அதனால் வாட்ஸாப்பில் அனுப்பவோ பழைய பிளேயரில் கேட்கவோ மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றும் வழி 15இல்.

10. ஆன்லைன்ல பென்டிரைவ் மாதிரி ஒண்ணு கொஞ்சக் காசுக்குக் கிடைக்குதே, அதை வாங்கினா ஏமாத்தமா?

இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. பக்கவாட்டில் ஒரே ஒரு தள்ளுவிசை. மேலே தள்ளினால் பதிவு, கீழே தள்ளினால் சேமிப்பு. 3இல் சொன்ன சோதனையில் விலை கூடிய பல கருவிகள் தோற்கிற இடத்தில் இது ஜெயிக்கிறது. இருட்டிலும் பைக்குள்ளும் விரல் வைத்தால் நிலைமை தெரியும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். செல் தீர்வதைச் சொல்லாது. தேதியைக் கம்ப்யூட்டரில் போட்டுத்தான் திருத்த முடியும். பலவற்றில் ஒலி அமுங்கியிருக்கும், சொன்ன கொள்ளளவும் இருக்காது. 'குரல் வந்தால் தானே பதியும்' என்கிற வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் தலையையும் தின்றுவிடும். இது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

11. பழைய ஒலிம்பஸ் ஒண்ணு செகண்ட் ஹேண்டுல வருது. அது பேசும்னு சொல்றாங்க.

உண்மைதான். ஒலிம்பஸ் டிஎம் வரிசையில் பல கருவிகள் மெனுவைப் பேசும். டிஎம்-5 டெய்சி புத்தகமும் (பார்வையற்றோருக்கான ஒலிப்புத்தக வடிவம்) வாசிக்கும். உலகெங்கும் பார்வையற்றோர் பல ஆண்டுகள் நம்பியிருந்தது அந்த வரிசையைத்தான். ஒலிம்பஸ் 2021 ஜனவரியில் கேமராவையும் ரெக்கார்டரையும் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்கிற நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது. பழைய மாடலுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது சிரமம்.

வாங்குவதாக இருந்தால் செல் மூடி உடையாமல் இருக்கிறதா, மைக்கில் இரைச்சல் இருக்கிறதா, பேச்சு வசதி ஆன் ஆகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேச்சை யாராவது அணைத்து வைத்திருந்தால் மறுபடி ஆன் செய்யப் பார்வையுள்ள ஒருவர் ஒருமுறை வேண்டியிருக்கும்.

12. எங்கூர்ல ஆடி மாசம் பதிஞ்சா புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துச் சத்தம்தான் வருது. மிஷின்ல கோளாறா?

மிஷினில் கோளாறில்லை, நாம் இருக்கிற இடம் அப்படி. மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே பாலக்காட்டுக் கணவாயில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாயில் வழியாகத்தான் பொள்ளாச்சி, உடுமலை வரைக்கும் பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கமும் காற்றாலைகள் வந்ததும் அதனால்தான். ஆனியிலிருந்து ஆவணி வரை திறந்தவெளியில் உறை போடாமல் பதிவு எடுக்கவே முடியாது.

பெட்டியோடு வரும் கறுப்புப் பஞ்சு உறை மின்விசிறிக் காற்றைத்தான் தடுக்கும். வெளியிலே முடி நீண்ட ரோம உறை வாங்குங்கள். உங்கள் மாடலுக்குப் பொருந்துகிற அளவு முக்கியம், தொளதொளவென்று இருந்தால் வேலை செய்யாது. மெனுவில் 'லோ கட்' என்பதை 80 ஹெர்ட்ஸ் அளவில் வையுங்கள். காற்றின் அடிமுழக்கம் குறையும், பேச்சுக்குச் சேதமில்லை. காற்று முதுகில் படும்படி நின்று, உடம்பையே மறைப்பாக்கிக்கொண்டு பதிவதும் நன்றாக உதவும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது நமக்குக் கன்னத்திலேயே தெரியுமே.

13. கொங்கன் படையில செண்டை மேளம் பதியணும். கல்பாத்தித் தேர்ல நாதஸ்வரமும் வேணும். எப்படி?

சித்தூர் பகவதி கோவில் கொங்கன் படைத் திருவிழாவில் மேளம் முழுவேகத்துக்கு வரும்போது சாதாரண ரெக்கார்டர் தாங்காது. 7இல் சொன்னதுதான் பதில்: ஃப்ளோட் கருவி, கூடவே தூரம். மேளக்காரர்களுக்கு நேர் முன்னால் நிற்காமல் பதினைந்து இருபது அடி தள்ளி, ஒரு சுவரோ மரமோ முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடமாகப் பிடியுங்கள். கூட்டம் உங்களை இடிக்காது, கையும் ஆடாது. ரெக்கார்டரைக் கையில் பிடித்தால் விரல் உரசுகிற சத்தம் விழும். கைக்கடக்கமான முக்காலி ஒன்றைத் திருகி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கல்பாத்தித் தேர் நவம்பரில் வரும், அப்போது காற்றுத் தொல்லை குறைவு. அக்கிரகாரத் தெருவில் இரண்டு பக்கமும் வீடுகள் நெருங்கியிருப்பதால் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். திண்ணையில் உட்கார்ந்து பதிந்தால் நாதஸ்வரம் நெருங்கி வந்து கடந்து போவது ஸ்டீரியோவில் வெகு அழகாக விழும். ஃப்ளோட் இல்லாத கருவியை வைத்திருப்பவர், மேளம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் அரை நிமிடம் சோதனைக்குப் பதிந்து கேட்டு, கரகரத்தால் அளவைக் குறைத்துவிட்டுப் பிறகு உண்மையான பதிவைத் தொடங்கட்டும்.

14. நூறு பதிவு சேர்ந்து போச்சு. எது எந்தக் கிளாஸ்னே தெரியல.

கருவி தேதியையும் நேரத்தையும் வைத்துத்தான் பெயர் போடும். தேதி தவறாக இருந்தால் எல்லாமே குழப்பம். செல்லைக் கழற்றி ரொம்ப நாள் வைத்திருந்தால் பல கருவிகளில் கடிகாரம் பழையபடி தொடக்கத்துக்குப் போய்விடும். செல் மாற்றியதும் தேதியைக் கேட்டுச் சரிபாருங்கள்.

அதைவிடப் பயனுள்ள பழக்கம் ஒன்று: ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உங்கள் குரலிலேயே 'ஜூலை 8, செவ்வாய், இரண்டாம் மணி, பொருளாதாரம்' என்று சொல்லுங்கள். பிறகு அடுத்த கோப்பு, அடுத்த கோப்பு என்று பட்டனைத் தட்டிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். பேசாத கருவியைக் கூட இந்த வழியில் பேசவைத்துவிடலாம்.

15. கம்ப்யூட்டருக்கு நானே மாத்திக்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் தம்பியைக் கூப்பிட வேண்டியிருக்கு.

முடியும். விண்டோஸில் என்விடிஏ என்கிற இலவசத் திரைவாசிப்பான் இருந்தால் போதும். ரெக்கார்டரை யூஎஸ்பி கேபிளில் மாட்டினால் அது ஒரு டிரைவாக வரும். கோப்புகளைத் தேர்ந்து கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, அவ்வளவுதான். கார்டைக் கழற்றி மாட்டுவதை நான் சொல்ல மாட்டேன். மைக்ரோ எஸ்டி விரல்நகம் அளவுதான், பேருந்திலோ வகுப்பிலோ விழுந்தால் தேடுவது பெரும்பாடு.

வெட்ட, ஒலியை உயர்த்த, எம்பி3 ஆக்க ஆடாசிட்டி என்கிற இலவச மென்பொருள் உண்டு. சுட்டியே இல்லாமல் விசைப்பலகையால் முழுக்க ஓட்டலாம். ஃப்ளோட் கோப்பைத் திறந்து, கன்ட்ரோல் ஏ அழுத்தி, எஃபெக்ட் மெனுவில் நார்மலைஸ் கொடுத்து, எம்பி3யாக ஏற்றுமதி செய்தால் வேலை முடிந்தது.

16. பட்டன் எல்லாம் ஒரே மாதிரி மொழுமொழுன்னு இருக்குது. தடவினா தெரியல.

கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பதிவுப் பட்டன்மேல் ஒட்டுங்கள். வியர்வையில் உரிந்தால் ஒரு சொட்டு நகப்பூச்சை வைத்து, காய்ந்த பிறகு மேலே இன்னொரு சொட்டு. ஒரு பட்டனுக்கு மட்டும் குறி வையுங்கள். எல்லாவற்றிலும் வைத்தால் பழைய குழப்பமே திரும்பும். ஸ்பீக்கர் ஓட்டை, மைக் துளை பக்கம் நகப்பூச்சு போகவே கூடாது.

17. பைக்குள்ள தானா ஆன் ஆகி செல் தீர்ந்துபோகுது. இல்லாட்டி பட்டனே வேலை செய்யறதில்ல.

இரண்டுக்கும் காரணம் பூட்டுவிசைதான். பல கருவிகளில் ஒரே தள்ளுவிசை ஒரு பக்கம் தள்ளினால் பவர், மறு பக்கம் தள்ளினால் பூட்டு. பூட்டியிருந்தால் எந்தப் பட்டனும் கேட்காது. பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகுமுன் அதைத் தள்ளிப் பாருங்கள். பைக்குள் வைக்கும்போது பூட்டி வையுங்கள். பதிவு ஓடும்போது பூட்டிவிட்டால் கைதவறி நின்றும் போகாது.

சார்ஜ் ஏற்றும் செல் போடுகிறவர்கள் மெனுவில் செல் வகையை மாற்றுங்கள். அது 1.2 வோல்ட், சாதாரணச் செல் 1.5 வோல்ட். வகையைச் சொல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்று கருவி தவறாகவே சொல்லும்.

18. கிளாஸ்ல எங்க உக்காரறது? சார் வேண்டாம்னு சொன்னா?

முதல் வரிசை, மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாத இடம். மேசைமேல் நேரடியாக வைத்தால் பேனா வைப்பதும் பெஞ்சு நகர்வதும் இடியாகக் கேட்கும். அடியில் கைக்குட்டையை மடித்து வையுங்கள். ஓட்டுக் கூரைமேல் மழை பெய்கிற நாளில் ஆசிரியருக்குப் பக்கமாக வைக்க அனுமதி கேளுங்கள்.

ஒளித்துவைத்துப் பதியாதீர்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: குறிப்பு எடுப்பதற்குப் பதிலாகப் பதிகிறேன், என் படிப்புக்கு மட்டுமே, யாருக்கும் பகிர மாட்டேன் என்று. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாணவருக்கு வேண்டிய நியாயமான வசதியைக் கல்வி நிறுவனம் செய்துதர வேண்டும் என்கிறது. கடிதத்தில் அதையும் பணிவாகக் குறிப்பிடலாம். சட்டத்தைச் சொல்லிச் சண்டைக்குப் போவதைவிட, முதல் வாரம் பதிந்ததை ஆசிரியருக்கே கேட்கப் போட்டுக் காட்டியது பலருக்குப் பலன் தந்திருக்கிறது.

19. டெய்சி பிளேயர்லயே பதிவும் இருக்குதாமே. அப்ப ரெண்டும் ஒண்ணாயிருச்சுல்ல?

கனடாவின் ஹியூமன்வேர் செய்யும் விக்டர் ரீடர் ஸ்ட்ரீம் பார்வையற்றோருக்கென்றே செய்தது. பழைய பட்டன் போன் மாதிரி எண் பட்டன்கள், எல்லாம் பேசும், பதிவும் செய்யும். புத்தகம் கேட்பதுதான் முதல் வேலை, நடுநடுவே குறிப்பு பதிந்தால் போதும் என்பவருக்கு அது ஒன்றே போதும். 2016இல் மத்திய அரசு தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா இணைய நூலகத்தில் உறுப்பினராகிவிட்டால் டெய்சி புத்தகங்களை இறக்கிக் கேட்கலாம். பாட்டுப் பதிகிறவருக்கு அதன் மைக் போதாது.

20. ரேஷன் கார்டு கேரளாவுல, சொந்தக்காரங்க எல்லாம் பொள்ளாச்சியில. அரசு உதவி எங்க கேக்கறது?

நீங்கள் குடியிருக்கிற மாநிலத்தில்தான். கொழிஞ்சாம்பாறையில் ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு கோவை மாவட்டத்தில் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பாலக்காட்டில் சமூக நீதித் துறையின் மாவட்ட அலுவலகத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை. யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மட்டும் எந்த மாநிலத்தில் எடுத்தாலும் நாடு முழுக்கச் செல்லும், அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி தரும் மத்திய அரசின் ஏடிஐபி திட்டத்தில் வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு டெய்சி பிளேயர் போன்ற கருவிகள் கிடைக்கும். ஒரே தேவைக்கு மூன்று ஆண்டுக்குள் மறுபடி கேட்க முடியாது. ஆகவே முகாமில் கொடுக்கிறார்களே என்று வேண்டாததை வாங்கிவைத்துக்கொண்டு, வேண்டியதைக் கேட்கும் வாய்ப்பை இழக்காதீர்கள்.

21. எங்க அக்கா பாடப் புஸ்தகத்தை வாசிச்சுப் பதிஞ்சு குடுக்கறா. அது காப்பிரைட் தப்பாயிருமா?

ஆகாது. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், 52(1)(இசட்பி) பிரிவில், மாற்றுத்திறனாளி ஒருவர் பயன்படுத்தும் வடிவத்துக்கு நூலை மாற்றித் தர யாரையும் அனுமதிக்கிறது. அதே நிலையில் இருக்கும் மற்றொரு மாற்றுத்திறனாளியோடு படிப்புக்காகவும் சொந்த உபயோகத்துக்காகவும் பகிரலாம். பொதுவில் எல்லோரும் கேட்கும்படி ஏற்றுவதும் விற்பதும் வேறு விஷயம், அதற்கு அனுமதி இல்லை. அக்காவிடம் பக்க எண்ணையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள், தேர்வுக்குத் திருப்பிப் படிக்கும்போது அருமை தெரியும்.

22. எங்கப்பாவுக்கு எழுபது தாண்டிருச்சு. சக்கரை நோயில பார்வை போயிருச்சு. இங்கிலீஷ் தெரியாது. வயக்காட்டுப் பாட்டு, கும்மிப் பாட்டு எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்காரு. அவரே பதியற மாதிரி எதுங்க?

இவருக்கு மெனுவே வேண்டாம். 10இல் சொன்ன தள்ளுவிசைக் கருவிகளில் தரமாகப் பதிகிற ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரே அழுத்தில் பதிகிற சாதாரண ரெக்கார்டர் ஒன்றை வாங்கி, எல்லா அமைப்பையும் நீங்களே போட்டு, 16இல் சொன்னபடி பதிவுப் பட்டனில் மட்டும் பொட்டு வைத்துக் கையில் கொடுங்கள். கழுத்தில் மாட்டும் கயிறு ஒன்றும் கட்டிவிடுங்கள், எங்கே வைத்தேன் என்று அவர் தேட வேண்டியதில்லை. சர்க்கரை நோயால் சிலருக்கு விரல்நுனியில் உணர்ச்சி குறைந்திருக்கும். அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, குறி தெரிகிறதா என்று கேட்டுவிட்டு ஒட்டுங்கள். தெரியாவிட்டால் பெரிய விசை உள்ள கருவியாகப் பாருங்கள்.

பாட்டு வருகிற நேரத்தில் வரும், கருவி தயாராக இருந்தால் போதும். நிறுத்த மறந்து இரண்டு மணி நேரம் ஓடினாலும் பரவாயில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆடாசிட்டியில் வெட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் யாரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடியது என்று ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை கேபிள் போட்டு எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்று என்று இரண்டு நகல் வைத்து, இரண்டையும் திறந்து கேட்ட பிறகே ரெக்கார்டரில் இருப்பதை அழியுங்கள்.